நரம்புக்கு வாரம், தசைக்கு மாதம், எலும்புக்கு வருடம்

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு மாதம் ஸ்குவாட் தரும் மகிழ்ச்சியை வேறு எந்தப் பயிற்சியும் தருவதில்லை. வெறும் ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழத் தொடங்குகிறார். ராடின் எடை 20 கிலோ. வாரம் இரண்டு நாள் பயிற்சி, ஒவ்வொரு நாளும் இரண்டரை கிலோ கூட்டுகிறார். எட்டு வாரத்தில் 60 கிலோ. இதே வேகத்தில் போனால் வருடக் கடைசியில் 280 கிலோ என்று மனக்கணக்கு ஓடுகிறது. மூன்றாவது மாதம் 65 கிலோவில் பாரம் நின்றுவிடுகிறது. அடுத்த வாரமும் அதே 65. “மாஸ்டர், ஏறவே மாட்டேங்குது” என்ற முறையீடு அப்போதுதான் வருகிறது.

அந்த இடத்தில் பலரும் தப்பான முடிவை எடுக்கிறார்கள். ஒருவர் தினமும் செய்யத் தொடங்குகிறார். ஒருவர் டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் வாங்குகிறார். இன்னொருவர், தன் உடல்வாகு இவ்வளவுதான் என்று ஸ்குவாட்டையே விட்டுவிடுகிறார். உண்மையில் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. முதல் எட்டு வாரத்தில் ஏறிய பலத்தில் பெரும்பகுதி நரம்பு கொடுத்தது. இனி ஏற வேண்டிய பலத்தைத் தசையும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும், அந்த எலும்பும் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் வளர எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. இதை மனதில் வாங்கிக்கொண்டவர்கள்தான் பத்து வருடம் கழித்தும் ஸ்குவாட் செய்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் நரம்பு. 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பயிற்சியால் கூடும் பலத்தில் நரம்பின் பங்கு எவ்வளவு, தசைப் பருமனின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்தார்கள். முழங்கையை மடக்கும் தசைமேல் மின்முனைகளை ஒட்டி, எட்டு வாரப் பயிற்சியில் அதன் மின்துடிப்பு எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். தொடக்க வாரங்களில் கூடிய பலத்தில் பெரும்பகுதி நரம்பினுடையது. மூன்று முதல் ஐந்து வாரம் கழிந்த பிறகே தசைப் பருமன் முன்னுக்கு வந்தது. பயிற்சியே செய்யாத மறு கையும் பலம் பெற்றிருந்தது. இந்த விந்தையை யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிப்ச்சர் என்பவர் 1894லேயே கண்டு எழுதியிருக்கிறார். சும்மா இருந்த கையில் தசை பருக்க வழியில்லை. மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொண்டதை அந்தக் கையும் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

நரம்பு என்ன கற்றுக்கொள்கிறது? ஒரு தசையின் இழைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் இயக்க நரம்பணு. சிறிய நரம்பணுக்கள் முதலில் இயங்கும், பாரம் கூடக் கூடப் பெரியவை வந்து சேரும் என்பதை ஹார்வர்டின் எல்வுட் ஹென்னமன் 1965இல் நிறுவினார். பெரிய நரம்பணுக்களின் கீழ் இருப்பவைதான் அதிக விசை தரும் இழைகள். பழக்கமில்லாத உடம்புக்கு அவற்றை முழுதாகக் கூப்பிடத் தெரியாது. கூப்பிட்டாலும் எதிர்த் தசைகள் அதே நேரத்தில் இறுகி வேலையைக் கெடுக்கும்.

ஒரு கனமான ஸ்குவாட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ராடு கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைத் தசையின் மேட்டில் அமர்ந்திருக்கிறது. தூக்குகிறவர் வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்குகிறார். இடுப்பு பின்னாலும் கீழாகவும் போகிறது, முழங்கால் முன்னால் நகர்கிறது. தொடை தரைக்கு இணையாக வந்து, இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. எழும்போது ராடு முதலில் வேகமாகத்தான் வரும். தொடை தரைக்கு இணையான நிலையைக் கடந்து சற்று மேலே வந்ததும் சட்டென்று தயங்கும். புதியவருக்கு அந்த இடத்தில் முழங்கால்கள் உள்ளே சாயும், குதிகால் தரையை விடும், நெஞ்சு முன்னால் கவியும். இரண்டு மாதத்தில் இதெல்லாம் மெல்ல மெல்ல மறைகிறது. தொடையை அளந்து பார்த்தால் சுற்றளவு பெரிதாகக் கூடியிருக்காது. 20 கிலோவிலிருந்து 60 கிலோ வந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

உட்காரும் முறை பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இரண்டு பழைய பயங்களைத் தீர்த்துவிட வேண்டும். முழங்கால் கட்டைவிரலைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. 2003இல் வந்த ஓர் ஆய்வில், தம் உடல் எடைக்குச் சமமான பாரத்தோடு ஏழு ஆண்கள் ஸ்குவாட் செய்தார்கள். பிறகு முழங்கால் முன்னால் போக முடியாதபடி ஒரு பலகையை வைத்து, மறுபடியும் செய்யச் சொன்னார்கள். முழங்காலில் விழுந்த திருப்பு விசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டில் 28 ஆக இருந்தது 302 ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கொஞ்சம் சலுகை காட்டப்போய் இடுப்புக்குப் பத்து மடங்கு வேலை. நீளமான தொடை உள்ளவருக்கு முழங்கால் முன்னால் போகத்தான் செய்யும், போகட்டும். குதிகால் தரையில் இருந்தால் போதும்.

முழுதாக உட்கார்ந்தால் முழங்கால் இணைப்பு நார்கள் தளர்ந்துவிடும் என்பது இரண்டாவது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் க்ளைன் 1961இல் சொன்னது இது. பின்னால் வந்தவர்கள் அளந்தபோது அந்தத் தளர்ச்சி தென்படவில்லை. ஆனாலும் பயம் அரை நூற்றாண்டு தாண்டி நம் ஊர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. முழு ஸ்குவாட்டின் பலன் என்ன என்பதை ஜப்பானில் கூபோ குழுவினர் 2019இல் காட்டினார்கள். பத்து வாரம், வாரம் இரண்டு நாள். பாதி உட்கார்ந்தவர்களுக்கும் முழுதாக உட்கார்ந்தவர்களுக்கும் முன்தொடை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 5 சதவீதம் வளர்ந்தது. பிட்டத் தசையோ முழு ஸ்குவாட்டில் 6.7 சதவீதம், பாதியில் 2.2 சதவீதம். பின்தொடைத் தசை இருவருக்கும் வளரவில்லை. ஸ்குவாட் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் இந்தக் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும். பின்தொடைக்கு, பாரத்தைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் போல வேறொரு பயிற்சி தேவை.

தசை தன்னைக் கட்டிக்கொள்வது பயிற்சி முடிந்த பிறகுதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மக்டூகல் குழுவினர் 1995இல் அளந்தபோது, கடுமையான பயிற்சிக்கு நான்கு மணி நேரம் கழித்துத் தசையில் புரத உற்பத்தி 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் அது இரு மடங்குக்கும் சற்று மேலே போனது. 36 மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. புதியவர்களுக்கு இந்த எழுச்சி இரண்டு நாள் வரை நீடிக்கும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் ஸ்குவாட் என்ற வழக்கம் இந்தக் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் சேர்வது மிகச் சிறிய அளவு. கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும்.

தசைநாண் இதைவிட மெதுவானது. எவ்வளவு மெதுவானது என்பதைக் கண்டுபிடிக்க அணுகுண்டு உதவியது. 1955க்கும் 1963க்கும் இடையில் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்கானது. பிறகு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. செடி அந்தக் கார்பனை வாங்கிக்கொள்ளும், செடியை உண்ணும் மனிதனும் வாங்கிக்கொள்வான். ஆகவே ஒரு திசுவில் இருக்கும் கார்பன்-14 அளவைப் பார்த்தால் அது எந்த வருடம் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க்கில் காட்ஜா ஹைன்மையர் குழுவினர் குதிகால் தசைநாணின் நடுப்பகுதியை இப்படிச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அது அந்த மனிதரின் 17 வயது வாக்கில், உயரம் வளர்ந்து முடியும்போது உருவானது. அதன் பிறகு கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படவே இல்லை. அதே மனிதர்களின் தசையோ புதிதாக இருந்தது.

பயிற்சியால் தசைநாண் மாறாது என்று இதற்கு அர்த்தமில்லை. கனமான பாரத்தைப் பல மாதம் தாங்கினால் அதன் விறைப்பு கூடும், அது கொஞ்சம் தடிக்கவும் செய்யும். ஆனால் தசை முன்னால் போய்விடும், நாண் பின்னால்தான் வரும். மாட்டுக்குத் தீனி போட்டுத் திடமாக்கிவிட்டு, பழைய கயிற்றிலேயே வண்டியைப் பூட்டுவது போன்ற நிலைமை இது. முழங்கால் சில்லுக்குக் கீழே விரல் வைத்தால் வலிக்கும், காலையில் எழுந்ததும் மாடிப்படி இறங்க முதல் சில படி சிரமமாக இருக்கும் என்றால் நாண் எச்சரிக்கிறது. பாரத்தைக் குறையுங்கள். பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, தாங்கிய பாரம்தான் நாணை வளர்க்கிறது.

எலும்பின் கதையும் இப்படித்தான். பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஓரிடத்தில் மூன்று வாரம் போல வேலை செய்கின்றன. அந்தக் குழியை நிரப்பும் செல்களுக்கு மூன்று மாதம் ஆகிறது. நிரப்பியதில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுவதற்கு இன்னும் பல மாதம். மூன்றாவது மாதத்தில் பாரம் நின்றுவிட்டது என்று வருந்துகிறவரின் எலும்பு முதல் சுற்றைக்கூட முடித்திருக்காது.

எவ்வளவு பாரம்

பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் முறைக்கு மருத்துவ அடித்தளம் போட்டவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்காலில் அடிபட்ட வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மெலிந்த தொடைக்கு லேசான அசைவுகளைப் பலமுறை செய்யச் சொல்வதே அன்றைய வழக்கம். டிலார்முக்குப் பளு தூக்குவதில் சொந்தப் பழக்கம் உண்டு. நோயாளியின் பாதத்தில் இரும்புக் காலணி ஒன்றைக் கட்டி, அதில் தட்டுகளை மாட்டி, மேசை விளிம்பில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொன்னார். சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடிப்பார். அதற்கு மேல் தூக்க முடிந்தால் எடையைக் கூட்டுவார். 1945இல் இதை எழுதி வெளியிட்டபோது பத்துப் பத்து முறையாக ஒரு நாளைக்கு ஏழு முதல் பத்து செட் சொல்லியிருந்தார். மூன்றே வருடத்தில், 1948இல், வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகக் குறைத்தார்: முதல் செட் பாதி எடை, அடுத்தது முக்கால், கடைசி முழு எடை. குறைத்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நோயாளியைப் பார்த்துப் பார்த்து, போதுமான அளவு எது என்று தேடியிருக்கிறார்.

அந்தத் தேடல் இன்றும் நடக்கிறது. ஸ்பெயினில் பரேஹா பிளாங்கோ குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஸ்குவாட்டைப் பற்றியதே. எட்டு வாரம் இரண்டு குழுக்கள் பயிற்சி செய்தன. ராடு எழும் வேகத்தைக் கருவி அளந்துகொண்டிருக்கும். ஒரு குழு, வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை முடித்துக்கொள்ளும். மற்றது 40 சதவீதம் குறையும் வரை, அதாவது எழ முடியாமல் போகும் நிலைக்குப் பக்கத்தில் வரை போகும். முதல் குழு உட்கார்ந்து எழுந்த முறைகள், அதாவது ரெப்ஸ், 40 சதவீதம் குறைவு. ஸ்குவாட் பலம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே கூடியது. குதிக்கும் திறன் முதல் குழுவுக்கு அதிகம் கூடியது. பருமன் மட்டும் இரண்டாம் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல்.

வேகமானி இல்லாதவருக்கும் இது உதவும். ராடு மெதுவாகிறது என்று உணர்ந்ததும், இன்னும் இரண்டு முறை எழ முடியும் என்ற நிலையில் ரேக்கில் வைத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கனமாக ஐந்து ரெப்ஸ், மூன்று நான்கு செட். இன்னொரு நாள் கொஞ்சம் குறைத்து எட்டு ரெப்ஸ், மூன்று செட். இதைவிடச் சிக்கலான அட்டவணை முதல் இரண்டு வருடத்துக்கு யாருக்கும் வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டரை கிலோ கூட்டியது நின்றால் வாரத்துக்கு இரண்டரை, அதுவும் நின்றால் மாதத்துக்கு இரண்டரை. மாதத்துக்கு இரண்டரை என்றால் வருடத்துக்கு 30 கிலோ. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் பாரத்தையும் செட்டையும் குறைத்துச் செய்யலாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, எடை, ரெப்ஸ், முழங்கால் எப்படி இருந்தது, இவ்வளவு போதும்.

பலம் வருடக் கணக்கில் எப்படி வளர்கிறது என்பதற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு பெரிய சான்று கிடைத்திருக்கிறது. வாரம் ஒரே நாள், ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஒரே செட். இப்படிச் செய்த 14,690 பேரின் பதிவுகளை, ஏழு வருடம் வரை தொடர்ந்தவை உட்பட, ஜேம்ஸ் ஸ்டீல் குழுவினர் ஆராய்ந்தார்கள். முதல் வருடத்தில் பலம் 30 முதல் 50 சதவீதம் கூடியது. அடுத்த ஐந்தாறு வருடம் சேர்ந்தும் அது 50, 60 சதவீதத்துக்குத்தான் வந்தது. பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு எண்கள் மேலே போகலாம், ஆனால் கோட்டின் வடிவம் எல்லோருக்கும் இதுதான். முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்து, மெல்லப் படுக்கும்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

நம் சாப்பாட்டில் குறைவது புரதம். சராசரி ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. பாரம் தூக்குகிறவருக்கு எவ்வளவு என்று 49 ஆய்வுகளைத் தொகுத்து மார்ட்டன் குழுவினர் 2018இல் கணக்கிட்டார்கள். கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை தசை வளர்ச்சிக்கு உதவுகிறது, அதற்கு மேல் சாப்பிட்டுப் பெரிய லாபமில்லை. 65 கிலோ எடையுள்ளவருக்கு இது 104 கிராம்.

இப்போது வீட்டுத் தட்டைப் பாருங்கள். 250 கிராம் சோற்றில் ஆறேழு கிராம் புரதம். சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம், இரண்டு கரண்டிக்கு நான்கைந்து கிராம் வந்தால் பெரிது. இட்லிக்கு இரண்டு கிராம். மூன்று வேளையும் வயிறு நிறைந்தாலும் 50 கிராமைத் தாண்டுவது கஷ்டம். அசைவம் சாப்பிடுகிறவருக்கு வழி எளிது. காலையில் மூன்று முட்டை 18 கிராம், மதியம் எலும்பு நீக்கிய கோழிக்கறி 150 கிராமில் 40, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 13, ராத்திரி ஒரு பெரிய துண்டு மீன் 20. மிச்சத்தைச் சோறும் தயிரும் பார்த்துக்கொள்ளும். சைவருக்கு மீல் மேக்கர் 50 கிராமில் 25, பன்னீர் 100 கிராமில் 18, அரை லிட்டர் பாலில் 16, தயிரில் ஏழு, சுண்டலில் 13, மீதி பருப்பிலும் தானியத்திலும். திட்டம் போட்டால் முடியும், போடாமல் முடியாது. புரோட்டீன் பவுடர் என்பது பெரும்பாலும் உலர்த்திய பால் புரதம். வசதிக்காக வாங்கலாம், அதில் தனி சக்தி ஒன்றும் இல்லை.

சோற்றைக் குறைத்துவிட்டு ஸ்குவாட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கனமான செட்டுக்கு எரிபொருள் தசையில் சேமித்த கிளைகோஜன், அது அரிசியிலிருந்தும் கேழ்வரகிலிருந்தும் வர வேண்டும். நாள்தோறும் தேவையைவிட 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் பலம் கூடலாம், தசை கூடுவது நின்றுவிடும் என்று 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது. உடல் எடை குறைக்கும் மாதங்களில் நோட்டில் புதிய சாதனை எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் விற்கும் துணைப் பொருட்களில் நான் நம்பிச் சொல்வது கிரியாட்டின் ஒன்றைத்தான். இறைச்சியிலும் மீனிலும் இயல்பாக இருப்பது. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். சைவர்களின் தசையில் இது இயல்பாகவே குறைவு என்பதால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஓய்வும் இடைவெளியும்

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், எண்ணைப் பார்த்தால்தான் உறைக்கும். ஆஸ்திரேலியாவில் லமோன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களை ஒரே ஒரு ராத்திரி முழுதாக விழிக்க வைத்தார்கள். மறுநாள் தசையின் புரத உற்பத்தி 18 சதவீதம் குறைந்தது. சிகாகோவில் 2010இல் நடந்த இன்னொரு ஆய்வில், உணவைக் குறைத்தவர்கள் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோதைவிட ஐந்தரை மணி நேரம் இருந்தபோது கொழுப்பு இழப்பு பாதிக்கு மேல் குறைந்தது, கொழுப்பில்லாத உடல் எடை 60 சதவீதம் அதிகமாகக் கரைந்தது. இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் நம் ஊரில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பகலில் அறையை இருட்டாக்கித் தூங்க வீட்டார் உதவ வேண்டும். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் பாரத்தைக் குறைத்துக்கொள்வது தோல்வி ஆகாது.

பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் அமரும் வழக்கமும் இப்போது பரவுகிறது. குயின்ஸ்லாந்தில் 12 வாரம் சோதித்தபோது, ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பத்து நிமிடம் குளிர்நீரில் இருந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாகவே வளர்ந்தன. வலியைத் தணிக்கும் குளிர், தசை வளரச் சொல்லும் சமிக்ஞையையும் தணித்துவிடுகிறது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழக்கமே இல்லாதவர் ஒரே நாளில் பந்தயம் கட்டி முந்நூறு, ஐந்நூறு பஸ்கி போடுவது ஆபத்து. தசையிழைகள் உடைந்து அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இரண்டாம் நாள் தொடை வீங்கி, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பள்ளிகளில் தண்டனையாக நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போடச் சொல்லும் ஆசிரியர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

பரீட்சை, பிரசவம், காய்ச்சல், வேலை மாற்றம் என்று எல்லார் வாழ்விலும் இடைவெளி வரும். போட்டதெல்லாம் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பி வராதவர்கள் ஏராளம். பின்லாந்தில் 2024இல் வெளிவந்த ஆய்வில் ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து பயிற்சி செய்தது. மற்றொன்று பத்து வாரம் செய்து, பத்து வாரம் முழுதாக விட்டு, மறுபடி பத்து வாரம் செய்தது. கடைசியில் இரு குழுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. விட்டதை மீட்க ஐந்து வாரமே பிடித்தது. ஏன் என்பதற்கு எலிகளில் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. வளரும் தசையிழை புதிய உட்கருக்களைச் சேர்த்துக்கொள்கிறது, தசை மெலிந்தாலும் அவை மூன்று மாதம் வரை அப்படியே இருந்தன என்று நார்வேயின் குண்டர்சன் குழுவினர் 2010இல் காட்டினார்கள். மனிதரிடமும் இப்படித்தானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. முழுதாக விடாமல் கொஞ்சம் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அலபாமாவில் 16 வாரம் கால் பயிற்சி செய்த இளைஞர்கள், பிறகு ஒன்பதில் ஒரு பங்கு வேலை மட்டும் செய்து, வாரம் ஒரு நாள் ஒரு செட் வீதம், 32 வாரம் தசையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் இளைஞர்களுக்குத்தானே என்று கேட்கலாம். 1990இல் பாஸ்டனின் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் எட்டு வாரம் கனமான கால் பயிற்சி கொடுத்தார். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 101 பேர் கலந்துகொண்ட ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. பயிற்சிக் குழுவினர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்குதல், தோளில் ராடு வைத்த ஸ்குவாட் செய்தார்கள். முதல் மாதம் லேசான பாரத்தில் முறையைக் கற்றார்கள். பிறகு, தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதத்துக்கு மேல், ஐந்து செட், ஐந்து ரெப்ஸ். பக்கத்தில் எப்போதும் பயிற்சியாளர் நின்றார். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. நேர்ந்த பாதிப்பு ஒருவருக்கு வந்த சிறிய முதுகுப் பிடிப்பு மட்டும். கோபன்ஹேகனில், ஓய்வு பெறும் வயதில் ஒரு வருடம் கனமான பயிற்சி செய்தவர்களை நான்காவது வருட முடிவில் அழைத்து அளந்தார்கள். பயிற்சியை நிறுத்தி மூன்று வருடம் ஆகியும் அவர்களின் கால் பலம் தொடங்கிய நாளில் இருந்த அளவில் நின்றது. பயிற்சி செய்யாதவர்களுக்கு இறங்கியிருந்தது.

மூச்சடக்கிக் கனமான பாரம் தள்ளும்போது ரத்த அழுத்தம் சில நொடி 300ஐயும் தாண்டும் என்பதால், அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் இதய நோயாளிகளும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குத் தள்ளிப்போடக் காரணமில்லை. உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ இருந்தால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று இன்றே பாருங்கள். சிரமப்பட்டால், அதே நாற்காலியில் நாளுக்கு எட்டு முறை, மூன்று செட் உட்கார்ந்து எழச் சொல்லித் தொடங்கி வையுங்கள். சுலபமானதும் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள், பிறகு இரண்டு. அவர்களுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.